நொச்சி இலைச் சாறு, பாக்டீரியா ஆய்வுக் கட்டுரை: ஜர்னலுக்கு அனுப்பும் முன் என்னென்ன சரிபார்க்க வேண்டும்?

ஆய்வுமாணவி_தஞ்சை

அனைவருக்கும் வணக்கம். நொச்சி இலையின் மெத்தனால் சாறு, நான்கு பாக்டீரியாக்கள் மீது டிஸ்க் டிஃபியூஷன் (சாறு ஏற்றிய காகித டிஸ்க்கைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வட்டத்தை அளப்பது), பிறகு எம்ஐசி (வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு), கடைசியில் ஜிசி-எம்எஸ் (சாறில் உள்ள சேர்மங்களைப் பிரித்து அடையாளம் காணும் கருவிச் சோதனை). இவ்வளவுதான் கட்டுரை. எல்சேவியர் ஜர்னல் ஒன்றுக்கு, கட்டுரைகளை ஏற்றும் எடிட்டோரியல் மேனேஜர் தளம் வழியாக அனுப்பப் போகிறோம். ஆங்கிலம் திருத்தியாகிவிட்டது. ரிவ்யூவுக்கே போகாமல் எடிட்டர் மேசையிலிருந்தே திரும்பிவிடக் கூடாது. அதற்கு எதையெல்லாம் பார்க்க வேண்டும்? கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மூன்றாவது_ரிவ்யூவர்

ஆங்கிலம் கிடக்கட்டும். மூலிகைச் சாறு, பாக்டீரியா என்று வரும் கட்டுரைகள் எடிட்டர்களிடம் குவிந்து கிடக்கின்றன. அவர் உங்கள் முன்னுரையைப் படிக்கும் முன்பே மெத்தட்ஸ் பகுதியின் முதல் பத்தியைத்தான் பார்ப்பார். அங்கே பார்ப்பது இவற்றை:

செடியின் பெயர். நொச்சி என்றால் விடெக்ஸ் நெகுண்டோ எல்., குடும்பம் லேமியேசி. பழைய நூல்களைப் பார்த்து வெர்பினேசி என்று எழுதினால், லண்டன் கியூ தோட்டத்தின் 'பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன்' தளத்தை நீங்கள் திறந்தே பார்க்கவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். துளசிக்கு இன்னும் ஓசிமம் சாங்டம் என்றே எழுதுகிறவர்கள் உண்டு. இன்று ஏற்கப்பட்ட பெயர் ஓசிமம் டெனுயிஃப்ளோரம். பெயரை அந்தத் தளத்தில் சரிபார்த்தோம் என்பதையும் பார்த்த தேதியையும் ஒரு வரியில் எழுதுங்கள்.

வவுச்சர் எண். 'தாவரவியல் பேராசிரியர் ஒருவர் அடையாளம் காட்டினார்' என்பது போதாது. உலர்த்தி ஒட்டிய மாதிரி ஒரு ஹெர்பேரியத்தில் (உலர் தாவரக் காப்பகம்) இருக்க வேண்டும், அதற்கு எண் இருக்க வேண்டும். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென் மண்டல மையத்தில் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. உங்களுக்குப் பக்கம் என்றால் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம். இலை பறித்த இடம், அட்சரேகை தீர்க்கரேகை, மாதம் மூன்றும் வேண்டும்.

சாறு எடுத்த விதம். உலர் தூள் எத்தனை கிராம், மெத்தனால் எத்தனை மி.லி., எத்தனை மணி நேரம், எந்த வெப்பநிலையில் வற்ற வைத்தீர்கள், கடைசியில் கிடைத்தது எத்தனை கிராம். கடைசி எண்ணைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். விளைச்சல் சதவீதம் இல்லாத சாறுக் கட்டுரையை இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்க வழியே இல்லை.

பாக்டீரியா. 'ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ்' என்று மட்டும் எழுதினால் போதாது, ஏடிசிசி அல்லது எம்டிசிசி (நுண்ணுயிர்க் காப்பகங்கள்) எண் வேண்டும். இதில் ஒரு நுணுக்கம்: ஏடிசிசி 25923 என்பது டிஸ்க் சோதனையின் தரக்கட்டுப்பாட்டுக்கானது. எம்ஐசிக்கு சிஎல்எஸ்ஐ (ஆய்வகத் தர விதிகளை வெளியிடும் அமைப்பு) சொல்வது 29213. ஈ. கோலை 25922, சூடோமோனாஸ் 27853 இரண்டும் இரு சோதனைக்கும் பொது. நுண்ணுயிரியல் தெரிந்த ரிவ்யூவர் இந்த எண்ணில்தான் முதலில் கை வைப்பார். எம்ஐசி பிளேட்டின் கிணறுகளில் (சிறு குழிகள்) இறுதியாக மி.லி.க்கு 5×10⁵ சிஎஃப்யூ (வளரக்கூடிய பாக்டீரியா எண்ணிக்கை) இருந்ததா, சாறைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ இறுதி அளவு எத்தனை சதவீதம், டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட கிணறு இருந்ததா என்பதையும் எழுதுங்கள்.

மருத்துவமனையிலிருந்து வாங்கிய ஐசொலேட் (நோயாளியிடமிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியா) ஏதாவது இருந்தால் நெறிமுறைக் குழு அனுமதி எண், அல்லது விலக்கு அளித்த கடிதத்தின் எண்.

ஆய்வுமாணவி_தஞ்சை

மிக்க நன்றி சார். எங்கள் எண்களைத் தருகிறேன். டிஸ்க்குக்கு 20 மைக்ரோலிட்டர், ஸ்டாக் மி.லி.க்கு 50 மி.கி. ஒப்பீட்டுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் 5 மைக்ரோகிராம் டிஸ்க். ஸ்டஃப் மீது சாறு 17 மி.மீ., சிப்ரோ 26 மி.மீ. 'ஒப்பிடத்தக்க செயல்திறன்' என்று எழுதியிருக்கிறோம். எம்ஐசி டேபிளில் சராசரி, எஸ்டி (திட்ட விலக்கம்) கொடுத்திருக்கிறோம்: 208.3 ± 72.2 மைக்ரோகிராம்/மி.லி. சரிதானே?

மூன்றாவது_ரிவ்யூவர்

இரண்டையும் மாற்றுங்கள்.

20 மைக்ரோலிட்டரில் 50 மி.கி./மி.லி. என்றால் ஒரு டிஸ்க்கில் 1 மி.கி., அதாவது 1000 மைக்ரோகிராம். எதிரே 5 மைக்ரோகிராம். 200 மடங்கு அதிகம் வைத்தும் வட்டம் சிறியது. இதை 'ஒப்பிடத்தக்க' என்றால் ரிவ்யூவர் அந்த வரியிலேயே நிறுத்திவிடுவார். டிஸ்க்கில் இருக்கும் அளவை மைக்ரோகிராமில் எழுதுங்கள், ஸ்டாக்கின் செறிவை மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். இன்னொன்று: வட்டத்தின் அளவு பொருள் அகாரில் எவ்வளவு ஊடுருவும் என்பதையும் பொறுத்தது. எண்ணெய்ப் பசையான சேர்மம் வலுவாக இருந்தாலும் நகராது, வட்டம் சின்னதாகத்தான் வரும். ஆகவே டிஸ்க் முடிவை முதல்கட்ட வடிகட்டலாக மட்டும் காட்டுங்கள். வட்டமே வராத இடத்தில் 0 என்று போட்டிருக்கிறீர்களா, 6 என்று போட்டிருக்கிறீர்களா? டிஸ்க்கின் விட்டம் 6 மி.மீ. அளவில் அதைச் சேர்த்தீர்களா இல்லையா என்பதை டேபிளின் அடியில் சொல்லிவிடுங்கள்.

எம்ஐசி இரட்டிப்பு நீர்த்தலில் வருவது: 500, 250, 125, 62.5. இடையில் எண்ணே கிடையாது. 208.3 ± 72.2 என்ற எண்ணைப் பார்த்தே உங்கள் மூன்று ரீடிங் என்னவென்று சொல்லிவிடலாம்: 250, 250, 125. இதற்குச் சராசரி போடக் கூடாது. அடிக்கடி வந்த மதிப்பு 250, வீச்சு 125 முதல் 250 என்று எழுதுங்கள். இந்த மூன்றும் மூன்று தனி நாளில் புதிய கல்ச்சரில் செய்தவையா, ஒரே பிளேட்டின் மூன்று கிணறுகளா? ஒரே பிளேட் என்றால் அது மூன்று இல்லை, ஒன்றுதான்.

கடைசியாக, கொஞ்சம் கசப்பான விஷயம். கச்சாச் சாறுக்கு 100 மைக்ரோகிராம்/மி.லி.க்குக் கீழே வந்தால்தான் கவனிக்கத்தக்கது என்பது இந்தத் துறையில் பலரும் வைத்திருக்கும் அளவுகோல். உங்களுடையது 250. தலைப்பில் 'பொட்டன்ட்' என்ற சொல் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஜர்னல் தேர்வையும் இதற்கு ஏற்றபடி ஒருமுறை யோசியுங்கள்.

குரோமட்டோ_குமார்

ஜிசி-எம்எஸ் டேபிளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. மூலிகைக் கட்டுரைகளில் எனக்கு மிகவும் எரிச்சல் தரும் டேபிள் அதுதான். மெஷின் கொடுத்த நிஸ்ட் லைப்ரரி (ஒப்பிட்டுப் பார்க்கும் சேர்மத் தரவுத்தளம்) பட்டியலை அப்படியே ஒட்டி, 'இந்த 32 சேர்மங்கள் இலையில் உள்ளன' என்று எழுதிவிடுவது.

அனுப்பும் முன் பட்டியலில் 'தாலேட்' என்று முடியும் பெயர்களைத் தேடுங்கள். பிஸ் 2-எத்தில்ஹெக்சைல் தாலேட் பெரும்பாலும் பிளாஸ்டிக் குழாயிலிருந்தோ டியூப் மூடியிலிருந்தோ வந்தது. நொச்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வாய்ப்பு குறைவு. அதன் அடையாளம் 149 என்ற அயனி. அடுத்து 'சிலாக்சேன்'. அது ஜிசி கருவியின் பிரிப்புக் குழாயின் (column) உட்பூச்சு சிதைந்து கசிவது. 207, 281 அயனிகளில் தெரியும். சிலாக்சேனுக்கு 'ஆன்டிமைக்ரோபியல்' என்று செயல்பாடு எழுதிய டேபிள்கள்கூட அச்சாகியிருக்கின்றன. மெத்தனால் மட்டும் ஏற்றிய ஒரு பிளாங்க் ஓட்டம் இருந்தால் இவை எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். இல்லையென்றால் இப்போதாவது ஒன்று ஓட்டச் சொல்லுங்கள்.

லைப்ரரி ஒப்புமை மட்டும் அடையாளம் ஆகாது. அல்கேன் ஸ்டாண்டர்டை அதே வெப்பநிலைப் படிகளில் ஓட்டி ரிடென்ஷன் இண்டெக்ஸ் (சேர்மம் வெளிவரும் நேரத்தை அல்கேன்களோடு ஒப்பிடும் எண்) கணக்கிட்டு, நூல்களில் உள்ள மதிப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். அதுவும் முடியாவிட்டால் தலைப்பிலேயே 'தற்காலிகமாக அடையாளம் காணப்பட்டவை' என்று போட்டுவிடுங்கள். பிரிப்புக் குழாயின் நீளம், உள்விட்டம், படலத்தின் தடிமன், அடுப்பின் வெப்பநிலைப் படிகள், ஸ்ப்ளிட் விகிதம் மெத்தட்ஸில் இருக்க வேண்டும். வெளி லேபில் கொடுத்து ஓட்டியிருந்தால் அவர்களிடம் ரா டேட்டா ஃபைலையும் கேட்டு வாங்கி வையுங்கள், பிடிஎஃப் ரிப்போர்ட் போதாது.

பிக்சல்_பாண்டி

படங்களுக்கு வருகிறேன்.

எல்சேவியரில் ஒற்றைப் பத்தி அகலம் 90 மி.மீ., முழு அகலம் 190 மி.மீ. புகைப்படத்துக்கு 300 டிபிஐ, புகைப்படமும் எழுத்தும் கலந்ததற்கு 500, வெறும் கோட்டு வரைபடத்துக்கு 1000. பிக்சலில் சொன்னால் 90 மி.மீ.க்கு முறையே 1063, 1772, 3543. 190க்கு 2244, 3740, 7480. படத்தின் மீது ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் தெரியும் பிக்சல் அகலத்தை மட்டும் பாருங்கள், பக்கத்தில் எழுதியிருக்கும் டிபிஐயை நம்பாதீர்கள். 600 பிக்சல் படத்தை ஃபோட்டோஷாப்பில் 300 டிபிஐ என்று மாற்றிச் சேமித்தாலும் அது 5 செ.மீ. அகலத்துக்கான படம்தான். ஜேபெக்கை டிஃப் ஆக மாற்றினாலும் ஃபைல் பெருக்குமே தவிர, போன விவரம் திரும்பாது.

பெட்ரி தட்டுப் படம் யாராவது வாட்ஸாப்பில் அனுப்பியதா? அப்படியானால் அது ஏற்கனவே சுருங்கிவிட்டது. எடுத்த ஃபோனிலிருந்து கேபிள் போட்டு எடுங்கள், இல்லையென்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். வேர்டுக்குள் ஒட்டிய படத்தை மறுபடி வெளியே எடுக்காதீர்கள். ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு பகுதியில் 'டு நாட் கம்ப்ரஸ் இமேஜஸ் இன் ஃபைல்' டிக் செய்யாவிட்டால் சேமிக்கும்போது வேர்டு தானாகவே சுருக்கிவிடும்.

தட்டுப் படத்தில் ஒரு மூலையை மட்டும் வெளிச்சப்படுத்துவது கூடாது. பிரகாசம், கான்ட்ராஸ்ட் எதை மாற்றினாலும் படம் முழுவதற்கும் ஒரே அளவில் மாற்ற வேண்டும். இரண்டு தட்டுகளை வெட்டி ஒட்டினால் நடுவே வெள்ளைக் கோடு தெரிய வேண்டும். ஒரிஜினல் ஃபைலை அழிக்காதீர்கள், எடிட்டர் கேட்பார். தட்டில் மார்க்கரால் எழுதிய 'என்1, என்2' கட்டுரையில் வரும் பெயர்களோடு பொருந்துகிறதா என்பதையும் பாருங்கள்.

எக்செல் வரைபடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல் பிடிஎஃப் ஆகச் சேமித்து இன்க்ஸ்கேப்பில் திறந்து சரிசெய்யுங்கள், இலவசம்தான். சிவப்பு, பச்சை இரண்டையும் அருகருகே வைக்காதீர்கள், நிறக்குருடு உள்ளவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். முப்பரிமாணப் பட்டைகள் வேண்டவே வேண்டாம். பிழைக்கோடு எஸ்டியா எஸ்இஎம்மா (சராசரியின் திட்டப் பிழை), 'n' (எத்தனை முறை செய்தது) எவ்வளவு என்று படவிளக்கத்தில் சொல்லுங்கள்.

வரிஎண்_வாசு

வேர்டு ஃபைலில் ஒரே ஒரு விஷயம் பார்க்க நேரம் இருந்தால் இதைப் பாருங்கள்: மைக்ரோ குறி.

அந்தக் குறியைச் 'சிம்பல்' எழுத்துருவில் அடித்திருந்தால், உண்மையில் ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில 'எம்' எழுத்து. உங்கள் திரையில் மைக்ரோவாகத் தெரியும். எடிட்டோரியல் மேனேஜர் பிடிஎஃப் உருவாக்கும்போதோ, யாராவது 'எல்லாவற்றையும் டைம்ஸ் நியூ ரோமன் ஆக்கு' என்று கன்ட்ரோல்-ஏ அடிக்கும்போதோ, 250 மைக்ரோகிராம் 250 மில்லிகிராம் ஆகிவிடும். பாமினியில் அடித்த கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் என்ன ஆகுமோ அதேதான். ஆனால் பாமினி குப்பையாகத் தெரியும், கண்டுபிடித்துவிடலாம். இது சரியான அலகு போலவே தெரியும், ஆயிரம் மடங்கு தப்பு. முழு ஃபைலையும் ஒரு நகல் எடுத்து, ஒரே எழுத்துருவுக்கு மாற்றிப் பாருங்கள். எங்கே மாறுகிறதோ அங்கே யூனிகோடு குறியை இன்சர்ட் செய்யுங்கள். ஆல்ட் விசையோடு 0181 அடித்தாலும் வரும். ஆல்ஃபா, பீட்டா ஆகியவற்றுக்கும் இதே சோதனை.

மற்றவை: டிகிரிக் குறிக்கு மேலே தூக்கிய 'ஓ' போடாதீர்கள். வரி எண்கள் தொடர்ச்சியாக, பக்கத்துக்குப் பக்கம் ஒன்றிலிருந்து ஆரம்பிக்காமல். டேபிள்கள் படமாக இல்லாமல் வேர்டு டேபிளாக. 'ரிவ்யூ' தாவலில் எல்லா மாற்றங்களையும் ஏற்று, கமெண்ட்டுகளை அழியுங்கள். மறைத்து வைத்தால் போதாது, பிடிஎஃப்பில் உங்கள் கைடு எழுதிய 'இது யார் எழுதினது?' எடிட்டருக்கும் தெரியும். ஃபைல், இன்ஃபோவில் 'இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்' ஓட்டுங்கள்.

எஸ்பிஎஸ்எஸ் புள்ளியியல் மென்பொருள் கொடுக்கும் '.000' என்ற பி மதிப்பை அப்படியே எழுத வேண்டாம். 0.001க்குக் கீழ் என்று எழுதுங்கள்.

ஹைலைட்ஸ் (கட்டுரையின் முக்கியக் கண்டுபிடிப்புகள்) என்று தனி ஃபைல் கேட்பார்கள்: 3 முதல் 5 வரிகள், ஒவ்வொன்றும் இடைவெளி உட்பட 85 எழுத்துக்குள். 86 இருந்தாலும் திரும்பி வரும்.

யாழ்_ஆய்வகம்

நல்ல இழை. இலங்கையில் செய்கிறவர்களுக்கு, வவுச்சருக்கு பேராதனைத் தேசிய ஹெர்பேரியம் இருக்கிறது. எனக்கு ஒரு கேள்வி: எங்கட பெயர்களில் குடும்பப் பெயர் இல்லை, தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும்தான். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கிற பெட்டியில் எதை எங்கே போடுவது?

குறியீட்டு_கோமதி

இதில் ஒரு விதியை முடிவு செய்துகொண்டு கடைசிவரை மாற்றாமல் இருப்பதுதான் முக்கியம். கற்பனைப் பெயர் ஒன்று வைத்துக்கொள்வோம்: க. முருகன், தந்தை பெயர் கந்தசாமி. கடைசிப் பெயர் பெட்டியில் முருகன், முதல் பெயர் பெட்டியில் கந்தசாமி என்று போட்டால் மேற்கோளில் 'முருகன் கே.' என்று வரும். அவரை ஊரில் அழைப்பது போலவே இருக்கும். மாற்றிப் போட்டால் 'கந்தசாமி எம்.' ஆகிவிடும், அப்பா பெயரில் கட்டுரைகள் சேரும். முதல் கட்டுரை ஒரு விதம், அடுத்தது வேறு விதம் என்றால் ஸ்கோபஸ் ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் அவர் இரண்டு ஆள். கடைசிப் பெயர் பெட்டியில் வெறும் 'கே' என்று ஒற்றை எழுத்து போடுவதுதான் இருப்பதிலேயே மோசம்.

ஆர்சிட் எண் (ஆய்வாளரின் தனி அடையாள எண்) இலவசம், 16 இலக்கம், கடைசி இலக்கம் சிலருக்கு எக்ஸ் ஆக இருக்கும், அது பிழை அல்ல. அதில் 'வேறு பெயர்கள்' பகுதியில் எல்லா வடிவங்களையும் சேர்த்துவிடுங்கள். பல்கலைக்கழக மெயிலோடு சொந்த மெயிலையும் இணையுங்கள். படிப்பு முடிந்ததும் முதலாவது செத்துவிடும்.

ஆய்வுமாணவி_தஞ்சை

ரெஃபரன்ஸ்களை ஜர்னல் பாணிக்கு இப்போதே மாற்ற வேண்டுமா? 61 இருக்கின்றன, ஜொட்டெரோ ரெஃபரன்ஸ் மென்பொருளில்.

வரிஎண்_வாசு

கட்டாயம் மாற்றுங்கள். ஒழுங்கில்லாத பட்டியல் ஒழுங்கில்லாத ஆளைக் காட்டும்.

லேடெக்ஸ்_லோகு

வாசு சார், அது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. எல்சேவியரில் பல ஜர்னல்கள் முதல் சமர்ப்பிப்புக்கு 'யுவர் பேப்பர் யுவர் வே' என்று எந்தப் பாணியானாலும் ஏற்கின்றன. ஒரே சீராக இருந்தால் போதும். அந்த நேரத்தை டிஓஐ எண்கள் (கட்டுரைகளின் நிரந்தர இணைய அடையாளம்) திறக்கின்றனவா என்று பார்ப்பதில் செலவிடலாம். ஜொட்டெரோ, வாபஸ் பெற்ற கட்டுரைகளுக்குச் சிவப்புப் பட்டை காட்டும். 61இல் ஒன்றுக்காவது வந்தால் அதை மாற்றுங்கள்.

வேர்டுக்குப் பதில் லேடெக்ஸில் எழுதுகிறவர்களுக்கு மட்டும்: எடிட்டோரியல் மேனேஜர் துணை ஃபோல்டர்களை மதிக்காது. படங்கள் 'ஃபிகர்ஸ்' ஃபோல்டரில் இருந்தால் பிடிஎஃப் உருவாகாது. எல்லாம் ஒரே ஃபோல்டரில் வையுங்கள், ஃபைல் பெயரில் இடைவெளி வேண்டாம், பிபிஎல் ஃபைலையும் (ரெஃபரன்ஸ் பட்டியல்) ஏற்றுங்கள்.

வரிஎண்_வாசு

சரி, அந்த ஜர்னலின் 'கைடு ஃபார் ஆதர்ஸ்' பக்கத்தில் அப்படி இருந்தால் ஒப்புக்கொள்கிறேன். ஜொட்டெரோ இணைப்பு உள்ள ஃபைலை ஒரு நகல் வைத்துக்கொண்டு, ஏற்றும் நகலில் மட்டும் 'அன்லிங்க் சைட்டேஷன்ஸ்' கொடுங்கள். ரிவிஷன் வரும்போது மூல ஃபைல் இல்லாவிட்டால் 61ஐயும் கையால்தான் எண் மாற்ற வேண்டும்.

மூன்றாவது_ரிவ்யூவர்

சிமிலாரிட்டி (பிறர் எழுத்தோடு பொருந்தும் சதவீதம்) பற்றி ஒரு வார்த்தை. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிகளில் 10 சதவீதம் வரை தண்டனை இல்லை என்று இருப்பதால் எல்லோரும் 9 சதவீதத்துக்குக் கொண்டுவர மல்லுக்கட்டுகிறார்கள். ஜர்னல் எடிட்டர் மொத்த எண்ணைப் பார்த்து நிற்பதில்லை, எங்கே பொருந்துகிறது என்று பார்க்கிறார். 18 சதவீதம் முழுவதும் மெத்தட்ஸ் வாக்கியங்களாகச் சிதறியிருந்தால் பெரிதில்லை. 6 சதவீதம் ஒரே கட்டுரையிலிருந்து டிஸ்கஷனில் வந்திருந்தால் அது நிராகரிப்புதான். சதவீதத்தைக் குறைக்க, சொற்களை மாற்றிப் போடும் 'ஸ்பின்' மென்பொருளில் போட்டு எடுக்காதீர்கள். 'பிரெஸ்ட் கேன்சர்' என்பது 'பூசம் பெரில்' (bosom peril, 'மார்பு ஆபத்து') ஆனது அப்படித்தான்.

தீசிஸ் ஷோத்கங்காவில் (இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம்) ஏறிவிட்டதென்றால் அதோடும் பொருந்தும். பெரும்பாலான ஜர்னல்கள் தீசிஸை முன் வெளியீடாகக் கருதுவதில்லை. ஆனால் கவர் லெட்டரில் ஒரு வரி சொல்லிவிடுங்கள், மெஷின் சொல்லித் தெரிய வேண்டாம்.

ஆய்வுமாணவி_தஞ்சை

ஆசிரியர் பட்டியலில் ஒரு சங்கடம். இந்த ஆய்வில் ஈடுபடாத ஒரு மூத்தவர் பெயரையும் மரியாதைக்காகச் சேர்க்கச் சொல்கிறார்கள்.

குறியீட்டு_கோமதி

ஐசிஎம்ஜேஇ (மருத்துவ ஜர்னல் எடிட்டர்களின் சர்வதேசக் குழு) விதிப்படி நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும்: திட்டமிடல், தரவு சேகரிப்பு, பகுப்பாய்வு ஆகியவற்றில் ஒன்றிலாவது கணிசமான பங்கு, எழுதுதல் அல்லது கருத்துச் செறிவோடு திருத்துதல், இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், கேள்வி வந்தால் பொறுப்பேற்றல். இதை நேரில் எடுத்துச் சொல்வது மாணவிக்குக் கஷ்டம், தெரியும். கிரெடிட் (CRediT, யார் என்ன பங்காற்றினார்கள்) படிவத்தை முன்னால் வையுங்கள். 14 பங்குகள் உள்ள பட்டியல், ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே குறைந்தது ஒன்றாவது நிரப்ப வேண்டும், ஜர்னலே கேட்கிறது. 'மேடம், சாருக்கு இதில் எதைப் போடட்டும்?' என்று உங்கள் கைடிடம் கேளுங்கள். முடிவு அவர் கையில் போய்விடும்.

மூன்றாவது_ரிவ்யூவர்

கோமதி மேடம், அந்த வழியில் பெரும்பாலும் 'சூப்பர்விஷன்' என்று நிரப்பிவிடுவார்கள். படிவம் ஆளைத் தடுப்பதில்லை. ஆனாலும் மாணவி தானே எதிர்த்துப் பேசுவதைவிட இது மேல், அதுவரை சரி. நன்றி தெரிவிக்கும் பகுதி என்று ஒன்று இருக்கிறது. ஆய்வகம் கொடுத்தவர், நிதி பெற்றுத் தந்தவர் எல்லாம் அங்கேதான். அனுப்பிய பிறகு பெயர் சேர்ப்பதோ நீக்குவதோ எடிட்டரின் அனுமதியும் எல்லா ஆசிரியர்களின் சம்மதமும் இல்லாமல் நடக்காது. ஆகவே இந்தப் பேச்சு இப்போதே முடிய வேண்டும்.

சாட்ஜிபிடி போன்றவற்றை ஆசிரியராகப் போட முடியாது. மொழி திருத்தப் பயன்படுத்தியிருந்தால் ரெஃபரன்ஸுக்கு முன்னால் அதற்கென்று உள்ள அறிவிப்பில் சொல்லுங்கள். 'ஆங்கிலம் திருத்தியாகிவிட்டது' என்றீர்களே, எதனால் திருத்தினீர்கள் என்பதைப் பொறுத்தது.

கவர்லெட்டர்_கண்ணன்

கவர் லெட்டர் அரைப்பக்கம். 'உங்கள் மதிப்புமிக்க ஜர்னலில்' என்று ஆரம்பிக்காதீர்கள். முதல் இரண்டு வாக்கியத்தில் என்ன கண்டீர்கள், எண்ணோடு. அடுத்து, இந்த ஜர்னலின் வாசகர்களுக்கு இது ஏன். அடுத்து, வேறு எங்கும் பரிசீலனையில் இல்லை, எல்லா ஆசிரியர்களும் இறுதி வடிவத்தைப் பார்த்தார்கள், தீசிஸின் ஒரு பகுதி. போதும். பழைய ஜர்னலுக்கு எழுதிய லெட்டரைத் திருத்தும்போது எடிட்டரின் பெயரும் ஜர்னலின் பெயரும் இரண்டு இடத்தில் வரும். கீழே உள்ளதை மறந்துவிடுவார்கள்.

ரிவ்யூவர் பரிந்துரைக்கும்போது நிறுவன மெயில் முகவரி மட்டும் கொடுங்கள். 2015இல் பயோமெட் சென்ட்ரல் 43 கட்டுரைகளையும் ஸ்பிரிங்கர் 64 கட்டுரைகளையும் போலி ரிவ்யூ காரணமாக வாபஸ் பெற்றன. அதிலிருந்து ஜிமெயில் முகவரியைப் பார்த்தாலே எடிட்டருக்குச் சந்தேகம். சமீப ஆண்டுகளில் சேர்ந்து எழுதியவர், அதே பல்கலைக்கழகத்தவர், கைடின் கைடு, யாரும் வேண்டாம். உங்கள் ரெஃபரன்ஸ் பட்டியலில் மூன்று முறைக்கு மேல் வருகிறவர் நல்ல தேர்வு.

குறியீட்டு_கோமதி

ஜர்னல் உண்மையானதுதானா என்பதையும் பாருங்கள். யுஜிசி ஏற்ற ஜர்னல்களின் யுஜிசி-கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது, 'கேர் லிஸ்டட்' என்று விளம்பரம் செய்தால் அது பழைய கதை. கூகுளில் தேடி வரும் தளத்துக்குப் போகாமல், ஸ்கோபஸ் சோர்சஸ் பக்கத்தில் ஐஎஸ்எஸ்என் (ஜர்னலின் அடையாள எண்) போட்டு, அங்கே பதிப்பாளர் யார் என்று பார்த்து, அந்தப் பதிப்பாளரின் தளம் வழியாகப் போங்கள். அச்சு அசலாக நகல் எடுத்த போலித் தளங்கள் பல ஜர்னல்களுக்கு இருக்கின்றன. ரிவ்யூவுக்கு முன்பே முழுக் கட்டணத்தையும் கேட்டால் வெளியே வந்துவிடுங்கள். ஹைப்ரிட் ஜர்னலில் (சந்தா, இலவச அணுகல் இரண்டும் உள்ளது) 'சப்ஸ்கிரிப்ஷன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் வெளியீட்டுக் கட்டணம் இல்லை. 'ஓப்பன் ஆக்சஸ்' என்று தெரியாமல் டிக் செய்தால் பில் டாலரில் வரும்.

ஆய்வுமாணவி_தஞ்சை

எல்லாம் குறித்துக்கொண்டேன், அனைவருக்கும் நன்றி. எம்ஐசி டேபிளையும் 'ஒப்பிடத்தக்க' வரியையும் மாற்றிவிட்டு, பிளாங்க் ஓட்டம் வந்ததும் ஏற்றுகிறோம். ஏற்றும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது?

லேடெக்ஸ்_லோகு

ஃபைல்களை ஏற்றும்போது ஒவ்வொன்றுக்கும் வகை கேட்கும். ரிவ்யூவர்களுக்கு ஆசிரியர் பெயர் தெரியக் கூடாத ஜர்னல் என்றால் டைட்டில் பேஜ் தனி ஃபைல். மூலக் கட்டுரையில் நன்றியுரை, 'எங்கள் முந்தைய ஆய்வில்' போன்ற வரிகள், வவுச்சரில் கல்லூரியின் பெயர், இவற்றை நீக்குங்கள் அல்லது மறையுங்கள். தரவை ஜெனோடோ தரவுக் களஞ்சியத்தில் ஏற்றி டிஓஐ வாங்கியிருந்தால் அந்தப் பக்கத்திலும் உங்கள் பெயர் இருக்கும், மறக்காதீர்கள்.

'பில்ட் பிடிஎஃப்' அழுத்தியதோடு வேலை முடிவதில்லை. உருவான பிடிஎஃப்பைத் திறந்து மைக்ரோ குறி, டேபிள் ஓரங்கள், படங்களின் வரிசை பார்த்துவிட்டு 'அப்ரூவ் சப்மிஷன்' கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காமல் விட்டால் கட்டுரை 'வெயிட்டிங் ஃபார் ஆதர்ஸ் அப்ரூவல்' பெட்டியிலேயே கிடக்கும், எடிட்டருக்குப் போயிருக்காது. இணை ஆசிரியர்களுக்கு உறுதிப்படுத்தும் மெயில் போகும்; ஸ்பாமிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

சில நாளில் 'சென்ட் பேக் டு ஆதர்' என்று வந்தால் பயப்பட வேண்டாம், அது நிராகரிப்பு அல்ல. பதிப்பகத்தின் தொழில்நுட்பச் சோதனையில் ஹைலைட்ஸோ ஏதோ ஒரு அறிவிப்போ விடுபட்டிருக்கும். புதிதாக இன்னொரு சமர்ப்பிப்பு தொடங்காமல், அதே கட்டுரையைத் திறந்து, குறையைச் சேர்த்து, மறுபடி பில்ட், மறுபடி அப்ரூவ்.